இன்சுலினைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளிமஞ்சாரோ

மோஷி, ஏறுவதற்கு முந்தைய நாள்

தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடியில் இருக்கும் மோஷிக்கு மும்பை, அடிஸ் அபாபா வழியாக வந்து சேர்ந்தோம். விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் மேகம் மறைத்துவிட்டதால் மலையைப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் மோஷி கடைத்தெருவில் டார்ச் பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிதான் காட்டினார்: “டீச்சர், மேல பாருங்க.” நான் பார்த்துக்கொண்டிருந்தது அடிவானம். மலை அதற்கும் வெகு மேலே, மேகத்தைத் தாண்டி வெள்ளையாக நின்றது. அவ்வளவு உயரத்தில் ஒரு தரை இருக்கும் என்று கண் எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஊரில் ஆட்டோவுக்குப் பெயர் பஜாஜி. ஓட்டலில் சப்பாத்தி, சம்புசா, பிலாவ் எல்லாம் அதே பெயர்களில் கிடைக்கின்றன. தம்பிக்கு அதில் ஒரு நிம்மதி. தட்டில் இருக்கும் மாவுச்சத்து எவ்வளவு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

யார் யார் ஏறுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. தம்பிக்கு ஒன்பது வயதில் டைப் 1 நீரிழிவு வந்தது. இப்போது வங்கியில் வேலை. அண்ணாச்சிக்கு விருதுநகரில் மளிகைக் கடை. அவருடைய மகளுக்குப் பதினோரு வயது, அவளுக்கும் டைப் 1. இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழுவில்தான் எங்களுக்குள் பழக்கம்.

“குழந்தைக்குப் போய் சுகரா? நிறைய மிட்டாய் குடுத்தீங்களோ?” இந்தக் கேள்வியை என் அம்மா கேட்காத வாரம் கிடையாது. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அதன்பின் வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றினால்தான் உயிர். மாத்திரை, பாகற்காய், வெந்தயம் எதுவும் அந்த இடத்தை நிரப்பாது. இதை ஊருக்குச் சொல்லத்தான் இந்தப் பயணம். மலை ஏறுகிறோம் என்றால் நாலு பேர் காது கொடுக்கிறார்கள். மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டால் வருவது சொந்தக்காரர்கள் மட்டும்தான்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். விமானம், பூங்காக் கட்டணம், வழிகாட்டிக் கூலி எல்லாம் அவரவர் கைக்காசு. வசூலாகும் நன்கொடை முழுவதும் குளுக்கோமீட்டருக்கும் அதில் செருகிச் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்புக்கும் போகிறது. இன்சுலின் அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள்கூட, ஸ்டிரிப் வாங்கக் காசில்லாமல் ஒரு நாளைக்கு ஒரே தடவை பார்த்துவிட்டு மீதி வேளைக்கு உத்தேசமாக ஊசி போடுவதைப் பார்த்திருக்கிறோம். நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லி அந்தக் காசில் சுற்றுலா போவது எனக்குச் சரிப்படாது.

கிளம்பும் முன் உள்ளூர் நண்பர்கள் ‘சர்க்கரை நோயை வென்ற சிங்கமே’ என்று பேனர் அடித்துவிட்டார்கள். தம்பி அதைக் கழற்றச் சொல்லிவிட்டான். “நான் எங்கக்கா ஜெயிச்சேன்? தினமும் சமாளிக்கிறேன், அவ்வளவுதான். ஜெயிச்சுட்டேன்னு போட்டா, அப்ப ஊசிய நிறுத்திடலாமேன்னு எவனாவது கேப்பான்.”

மச்சாமே வாசல் முதல் மச்சாமே முகாம் வரை

இந்த மலைக்குப் பல பாதைகள் உண்டு. குடிசைகளில் தங்கிப் போகும் மரங்கு பாதைக்குக் கோகோ கோலா பாதை என்று செல்லப்பெயர். நாங்கள் போகும் மச்சாமே பாதைக்கு விஸ்கி பாதை. பேருக்கு ஏற்றபடி கொஞ்சம் காட்டம் அதிகம். கூடாரத்தில்தான் தூக்கம்.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் வாசலில் கையெழுத்து, அனுமதிச்சீட்டு என்று இரண்டு மணி நேரம் ஓடியது. சுமைதூக்கிகளின் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டார்கள். ஓர் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. எங்கள் மூவருக்காகப் பதினோரு பேர் வருகிறார்கள்: வழிகாட்டி, துணை வழிகாட்டி, சமையல்காரர், மீதிப்பேர் சுமைக்காரர்கள். நாம் கையை வீசிக்கொண்டு மூச்சு வாங்கும்போது, தலையில் கூடாரமும் தோளில் கேஸ் சிலிண்டருமாக அவர்கள் கடந்து போகிறார்கள். ‘மலையேறினேன்’ என்று எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் முழுக்க மழைக்காடு. பாசி போர்த்திய மரங்கள், ஈரமான வேர்கள், வெள்ளை வால் தொங்கும் கொலோபஸ் குரங்குகள். வழிகாட்டி அடிக்கொரு தரம் “போலே போலே” என்கிறார். மெதுவாக, மெதுவாக. அவர் நடக்கும் வேகத்தில் எங்கள் பாட்டி கோயில் பிராகாரம் சுற்றுவார். கடுப்பாக இருந்தாலும் அதுதான் ரகசியம். உயரம் பழக உடம்புக்கு நேரம் வேண்டும்.

மதியம் தம்பி திடீரென்று பேச்சை நிறுத்தினான். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை. கையில் ஒட்டியிருக்கும் சென்சாரைப் பார்த்தால் சர்க்கரை 62, ரொம்பக் குறைவு. அண்ணாச்சி பதறிப்போய்க் கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நீட்டினார். தம்பி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தான். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கும். தாழ்சர்க்கரைக்கு வேகம் முக்கியம். முதலில் குளுக்கோஸ், ஏறிய பிறகு மறுபடி இறங்காமல் இருக்கக் கடலை மிட்டாய். கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது. “பாப்பாவுக்கு நான் இத்தன நாளா மிட்டாயத்தான குடுத்துட்டு இருக்கேன்” என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கடை நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஷிரா

காடு முடிந்து புதர்வெளி. சாயங்காலம் முகாமில் மேகத்துக்கு மேல் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டோம். சுமார் 3,800 மீட்டர். எனக்கு லேசாகத் தலைவலி. வேறு சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறை பற்றி எழுத வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார்.

லாவா டவர், பரங்கோ

உயரே ஏறு, தாழத் தூங்கு என்பது இங்கே பாடம். இன்று 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறை வரை ஏறி, அங்கே மதியச் சாப்பாடு சாப்பிட்டு, 3,960 மீட்டரில் இருக்கும் பரங்கோ பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். அத்தனை பாடுபட்டு ஏறி உடனே இறங்குவது வியாபாரி மனதுக்கு வலிக்கிறது என்றார் அண்ணாச்சி.

லாவா டவரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உயரத்தில் பசி செத்துவிடுகிறது. நமக்கென்ன, தட்டைத் தள்ளி வைத்துவிடலாம். தம்பிக்கு அது முடியாது. ஊரில் அவன் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போடுவான். இங்கே போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை கீழே பாய்ந்துவிடும். அதனால் சாப்பிட்டு முடித்த பிறகு, எத்தனை வாய் உள்ளே போனது என்று எண்ணி, அதற்குத் தக்க போடுகிறான்.

அம்மா பழைய ரவிக்கைத் துணியில் தைத்துக் கொடுத்த சுருக்குப் பை ஒன்று அவன் கழுத்தில் தொங்குகிறது. அதற்குள் இன்சுலின் அடைத்த ஊசிப் பேனா இரண்டு. நம் ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினை மண்பானைக்குள் வைத்து வெயிலிலிருந்து காப்பாற்றுவார்கள். இங்கே பிரச்சினை தலைகீழ். உறைந்த இன்சுலின் வீண். மறுபடி உருகிப் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் நம்பக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் பகலில் பனியனுக்குள், ராத்திரி தூக்கப்பைக்குள், எப்போதும் உடம்புச் சூட்டிலேயே பேனா இருக்கிறது. உபரிப் பேனாக்கள் என் கழுத்தில் ஒன்று, அண்ணாச்சி கழுத்தில் ஒன்று. ஒருவருடைய பை தொலைந்தாலும் மீதி இருக்கும்.

மீட்டருக்கும் குளிர் ஆகாது. உயரமும் குளிரும் சேர்ந்தால் எண் தப்பாகக் காட்டக்கூடும். விரலில் குத்தினால் ரத்தம் வர மறுக்கிறது. சூடான டீக் குவளையை இரு கையாலும் பொத்திப் பிடித்து, விரல் சிவந்த பிறகு குத்துகிறான். சென்சார் ஓர் எண், மீட்டர் ஓர் எண், உடம்பு சொல்வது மூன்றாவது. மூன்றையும் வைத்து ஒரு முடிவு. சின்ன வயதிலிருந்து அவன் இதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பரீட்சை ஹாலில், கல்யாணப் பந்தியில், ரயில் மேல் பர்த்தில் எல்லா இடத்திலும் இதே கணக்குதான். ஒரு பள்ளியில் வகுப்பு நேரத்தில் பிஸ்கட் சாப்பிட்டதற்காக அவனை வெளியே நிற்க வைத்தார்கள். தாழ்சர்க்கரையோடு அவன் வெயிலில் நின்றான். அந்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நான் ஆசிரியை ஆன பிறகு எனக்கும் எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

இறங்கும் வழியில் ராட்சத செனேசியோ மரங்கள். தடித்த தண்டு, உச்சியில் முட்டைக்கோசு கொத்து. காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றியே வைத்துக்கொள்கிறது. குளிருக்கு அதுதான் அதற்குச் சட்டை.

பரங்கோ சுவர், கரங்கா

காலையில் எழுந்ததும் எதிரே சுமார் 250 மீட்டர் உயரப் பாறைச் சுவர். கயிறு தேவையில்லை, கைகால் நான்கும் தேவை. ஓரிடத்தில் பாறையைக் கட்டிப்பிடித்து ஒட்டி நகர வேண்டும், அதற்கு முத்தப் பாறை என்று பெயர். அண்ணாச்சி உண்மையிலேயே ஒரு முத்தம் கொடுத்தார். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம் இதுதான். மூளை மூச்சை மறந்து கையையும் காலையும் மட்டும் நினைக்கிறது.

கரங்கா பள்ளத்தாக்குதான் கடைசித் தண்ணீர். நாளை தங்கப்போகும் பராஃபு முகாமில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடிக்க, சமைக்க எல்லாவற்றையும் இங்கிருந்து சுமந்து போக வேண்டும். சுமைக்காரர் ஒருவர் நிரம்பிய கேனைத் தலையில் வைத்து, கை விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனார்.

ராத்திரி சாப்பாட்டுக் கூடாரத்தில் தம்பி ஒரு காகிதத்தை வழிகாட்டியிடம் விளக்கினான். கிளம்பும் முன் எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. வாந்தி வந்து, ரத்தத்தில் கீட்டோன் 1.5க்கு மேல் இருந்தால் இறங்கு. எந்த உயரமானாலும், எவ்வளவு பக்கமானாலும். இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோனைச் சேர்க்கும். அது எல்லை மீறினால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. சிக்கல் என்னவென்றால் குமட்டல், வாந்தி, சோர்வு, தலைவலி எல்லாம் உயர நோய்க்கும் உண்டு, இதற்கும் உண்டு. எது எது என்று பார்வைக்குத் தெரியாது. உச்சி தெரியும் தூரத்தில் வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் விதியை மதுரையிலேயே முடிவு செய்துவிட்டோம்.

பராஃபு, உச்சி இரவு

4,673 மீட்டர். கூடாரம் சரிவான கல்லில். மாலை ஆறு மணிக்குத் தூங்கச் சொன்னார்கள், யாரும் தூங்கவில்லை. பதினொன்றுக்கு எழுப்பி இஞ்சி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நள்ளிரவில் கிளம்பினோம். மேலேயும் கீழேயும் தலைவிளக்குகளின் வரிசை. குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே. முதுகுப்பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாய் அரை மணியில் உறைந்துவிட்டது.

நாலு மணி வாக்கில், சுமார் 5,300 மீட்டரில், தம்பி பாதையை விட்டு விலகிப்போய் வாந்தி எடுத்தான். எனக்கும் ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தது, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பேசாமல் மீட்டரைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினான். துணை வழிகாட்டி அவன் விரலைத் தன் உள்ளங்கையில் பொத்தித் தேய்த்தார். சர்க்கரை 286. கீட்டோன் பட்டை: 1.8.

“தப்பாக் காட்டுதோ என்னமோ, இன்னொரு தடவ பாரு” என்றேன்.

இன்னொரு பட்டை. 1.7.

நடை அதிகம் என்பதால் நீண்ட நேர இன்சுலினை முந்தைய ராத்திரி மருத்துவர் சொன்ன அளவுக்குக் குறைத்திருந்தான். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. எதனால் என்று அந்த இருட்டில் யார் கண்டார்கள். அவன் பனியனுக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, ஜாக்கெட்டை வயிற்றுக்கு மேல் தூக்கி, அந்தக் காற்றில் ஊசி போட்டுக்கொண்டான். “சரிக்கா. நான் இறங்குறேன். நீங்க போய்ட்டு வாங்க.” அண்ணாச்சி தானும் கூட வருவதாகச் சொன்னார். “பாப்பா வரஞ்சத யாரு மேல கொண்டு போறது?” என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினான். துணை வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவனோடு போகாமல் நான் ஏன் மேலே நடந்தேன் என்றால், இறங்குகிறவனுக்குத் துணை இருந்தது, அவன் நேராக நடந்தான், தெளிவாகப் பேசினான். ஆனாலும் அடுத்த இரண்டு மணி நேரம் நான் மலையைப் பார்க்கவில்லை.

5,756 மீட்டரில் ஸ்டெல்லா பாயிண்ட் வந்தபோது கிழக்கே மாவென்சி சிகரத்துக்குப் பின்னால் வெளுத்தது. அங்கிருந்து எரிமலைப் பள்ளவாயின் விளிம்பில் முக்கால் மணி நேரம். இடப்பக்கம் பனிப்பாறைகள் சுவர்களாக நிற்கின்றன. 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலில் இங்கே ஏறியபோது உச்சியின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்தது. இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம், நடுவில் வெறும் சாம்பல் மண்.

உஹுரு சிகரம், 5,895 மீட்டர். தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு அன்றைய பெயர் தங்கனீகா. அது விடுதலை பெற்ற 1961 டிசம்பர் 9 அன்று அலெக்சாண்டர் நயிரெண்டா என்ற ராணுவ அதிகாரி இங்கே தீப்பந்தம் ஏற்றினார். இன்றைக்குப் பலகை முன்னால் படம் எடுக்க வரிசை. எங்கள் முறை வந்ததும் அண்ணாச்சி மகள் நீல வட்டம் வரைந்த துணியை விரித்தோம். உலக நீரிழிவு நாளின் சின்னம் அது. அந்த நாள் நவம்பர் 14, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங்கின் பிறந்தநாள். வட்டத்துக்குக் கீழே அவளே எழுதிய வரிகள்: அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பு, ஓயாத அசதி, உடனே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். காற்றில் துணி மடங்கியதில் கடைசி இரண்டு வார்த்தை படத்தில் விழவில்லை. கையுறையைக் கழற்றி இன்னொரு படம் எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

எட்டு நிமிடம் இருந்திருப்போம். சறுக்கிச் சறுக்கி பராஃபுவுக்கு வந்தபோது தம்பி கூடார வாசலில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். கீட்டோன் 0.7, இறங்கிக்கொண்டிருக்கிறது. வழியில் தண்ணீரும் இரண்டாவது ஊசியும். வழிகாட்டி அவன் தோளில் தட்டி ஸ்வாஹிலியில் ஏதோ நீளமாகச் சொன்னார். சமையல்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ம்வேகா முகாம், பிறகு மோஷி

அதே நாளில் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ம்வேகா முகாமுக்கு இறங்கினோம். முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. ஆக்சிஜன் கூடக் கூட எல்லோருக்கும் பசி திரும்பியது.

மறுநாள் ம்வேகா வாசலில் சான்றிதழ் கொடுத்தார்கள். ஸ்டெல்லா பாயிண்ட் தொட்டவர்களுக்கு ஒன்று, உஹுரு தொட்டவர்களுக்கு ஒன்று. தம்பிக்கு இல்லை. ஊரில் அவன் உச்சி தொட்டான் என்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் போனில் கேட்டார், நல்ல எண்ணத்தில்தான். நன்கொடை கூடுமாம். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிய இடத்தைச் சொன்னால் குறைகிற நன்கொடை குறையட்டும். கீட்டோன் பார்க்கத் தெரிந்து, பட்டை கையில் இருந்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால்தான் அவன் நடந்து இறங்கினான். நம் ஊரில் வயிற்றுவலி, காய்ச்சல் என்று நினைத்து இதே நிலையில் மயக்கமாகத் தூக்கி வரப்படும் குழந்தைகள் உண்டு. ஸ்டிரிப்புக்குக் காசு கேட்பதற்கு இதைவிடச் சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுமைக்காரர்களுக்கு இனாம் கொடுத்து, கை குலுக்கி, மோஷி வந்து குளித்தோம். ராத்திரி கடைத்தெருவில் சிப்ஸ் மாயாய் சொன்னோம், உருளைக்கிழங்கு வறுவலை முட்டையில் கொட்டி அடையாகச் சுடுவது. தம்பி தட்டைப் பார்த்தான், மனதில் எண்ணினான், பழையபடி சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஊசி போட்டான். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மகள் வீடியோவில் வந்தாள். உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அண்ணா, பேனா உறைஞ்சுதா? சென்சார் பிச்சுக்கிச்சா? வாந்தி வந்தா எத்தன யூனிட் போட்டீங்க?”

அவன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். கேள்வி மேல் கேள்வி. பத்து நிமிடம் ஆயிற்று.

“டேய், ஊசி போட்டாச்சுல்ல,” என்றேன். “முதல்ல சாப்பிடு.”

“ஆமாண்ணா, சாப்பிடுங்க,” என்று போனிலிருந்து அவளும் அதட்டினாள்.